வெளியே வராத குஞ்சு

எங்கள் வீட்டின் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பறவைக்கூண்டு இருக்கிறது. ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிது. இரும்புக் குழாயும் கம்பிவலையும் வாங்கி வந்து, வெல்டிங் பட்டறைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கணவர் தானே அளவு சொல்லிக் கட்டியது. உள்ளே பச்சை, மஞ்சள், நீலம் என்று பதினாலு லவ் பேர்ட்ஸ். கடைக்காரர்கள் பட்ஜீஸ் என்பார்கள், எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது லவ் பேர்ட்ஸ்தான். ஐந்து சின்ன மண்பானைகளை வாய் பக்கவாட்டில் இருக்கும்படி வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அவை முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் அந்தப் பானைகளுக்குள்தான்.

சரவணம்பட்டியைத் தாண்டி, சைட் போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். கீழே இறங்கினால் இரண்டு பக்கமும் காலி மனைகள், இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியச் செடி. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த மனைகளில் யாரும் ஒரு கல்கூட நட்டுப் பார்க்கவில்லை.

அப்பா எங்களோடு வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் குறைய ஆரம்பித்தது. முகங்களோ வழிகளோ முதலில் போகவில்லை. சொற்கள்தான் போயின. அதிலும் வீட்டுச் சொற்கள். கரண்டியை ஸ்பேனர் என்பார். குக்கரை பாய்லர் என்பார். மின்விசிறி நின்றால் "மோட்டார் டிரிப் ஆயிருச்சு கண்ணு" என்பார். மில் சொற்கள் மட்டும் அவரிடம் தேய்மானம் இல்லாமல் இருந்தன. ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார், நாங்களும் நிறுத்திவிட்டோம்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். நான் போய் வரும்வரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அக்கா வருவார். காலையில் அப்பாவைப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கூண்டுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டால் போதும். மணிக்கணக்கில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு எதுவும் அவரை அப்படிப் பிடித்து உட்காரவைத்ததில்லை.

அந்தப் பங்குனியில் நாலாவது பானையில் ஐந்து குஞ்சுகள் இருந்தன. இந்தப் பறவை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும், குஞ்சுகளும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் பொரியும். அதனால் ஒரே பானையில் மூத்ததுக்கு இறகு முளைத்து முடிந்திருக்கும், கடைசியானது இன்னும் சதைத் துண்டாகக் கிடக்கும். ஒரு மாதம் ஆனதும் மூத்தது பானை வாயில் வந்து நின்று வெளியே பார்க்கத் தொடங்கும். வளர்ந்த பறவையின் கண்ணில் வெள்ளையாக ஒரு வளையம் உண்டு. குஞ்சுக்கு அது கிடையாது, கண் முழுக்கக் கறுப்பு. அந்தக் கண்ணோடு ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக அவை அசையாமல் எட்டிப் பார்ப்பதைக் கண்டால் எனக்குச் சின்னதாக ஓர் அச்சம் வரும். எதைப் பார்க்கின்றன என்றே தெரியாது.

கடைசிப் பானை, ஐந்தாவது, காலி. எந்தப் பறவையும் அதில் தங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கழுவும்போது அதைக் கழற்றி எடுத்தேன். காலிப் பானைக்கு உண்டான கனத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. வாய் சின்னது, உள்ளே இருட்டு. பழைய தேங்காய் நார் தண்ணீர் பட்டு ஊறியிருக்கும் என்று நினைத்து, மேலே காய்ந்த நார் இரண்டு கைப்பிடி திணித்து, பழைய இடத்திலேயே தொங்கவிட்டேன். யாராவது குடிவரட்டும் என்று.

மூத்த குஞ்சு, பச்சை, அதற்கு மறுநாள் வெளியே வந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. பானை வாயிலிருந்து விழுந்து, பாதி வழியில் சிறகுக்கு என்ன வேலை என்று புரிந்து, தட்டுத்தடுமாறித் தரையில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் கீழ்க்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தகப்பன் பறவை வந்து அதற்கு ஊட்டியது. அப்பா கைதட்டினார்.

அதற்கு அடுத்த நாள் காலை சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது குக்கர் விசில் கேட்டுத் திடுக்கிட்டேன். விசில் எப்போதும் அடிப்பதுதான். ஆனால் காலை ஆறரை மணிக்கு எங்கள் கூண்டு போடுகிற சத்தத்தில் விசில் காதில் விழாது, கையால் மூடியைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்வேன். அன்று அது தெளிவாகக் கேட்டது. பின்கதவைத் திறந்து போய்ப் பார்த்தேன். பதினாலு பறவைகளும் மேல்கம்பியின் ஒரு மூலையில், தோளோடு தோள் ஒட்டி, ஒரு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. பச்சைக் குஞ்சைக் காணோம்.

அப்பா எனக்கு முன்பே எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பெல்ட்டு ஓடுது கண்ணு" என்றார்.

மில்லில் இயந்திரத்தைச் சுழற்றுகிற பெல்ட்டைத்தான் சொல்கிறார் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. தரையெல்லாம் தேடினேன். தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்திருக்குமோ என்று பார்த்தேன். ஓர் இறகுகூட இல்லை. என் கணவர் வலையை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தார். பானைகளுக்குள் செல்போன் டார்ச்சை அடித்தார். நாலாவதில் நாலு குஞ்சுகள். ஐந்தாவதில் நான் திணித்த நார்.

"வலை நல்லாத்தான் இருக்குது" என்றார். "கழுவுற தண்ணி போற ஓட்டை ஒண்ணுதான். பெருவெரல் நுழையும். அதுல குஞ்சு எப்படிப் போகும்?"

இரண்டாவது குஞ்சு மஞ்சள். அது வெளியே வந்து இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காலை இல்லை. அன்றும் குக்கர் விசில் கேட்டது.

நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த அக்கா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஐயா நேத்து மத்தியானமே சொன்னாருங்க. அந்த மஞ்சக் குஞ்சைக் கைகாட்டி, 'இதையும் இழுத்துரும்'னாருங்க. நான் வெளையாட்டுக்குப் பேசறாருன்னு நெனச்சுபோட்டேன்."

"அவரு மில்லு ஞாபகத்துல எதையோ சொல்றாருங்கக்கா."

"இருக்கலாமுங்க" என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் அப்பாவின் பக்கத்தில் உட்காரவில்லை என்பது, நான் சாயங்காலம் வந்தபோது நாற்காலிகள் கிடந்த தூரத்திலேயே தெரிந்தது.

மூன்றாவது குஞ்சு நீலம். அது வெளியே வந்த மறுநாள் விடியலில் பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டு ஓடினேன். கூண்டின் கொண்டி திறந்திருந்தது. அப்பா உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை பானைகளை நோக்கி நீண்டிருந்தது. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"நிறுத்தோணும். நீ தள்ளி நில்லு" என்றார்.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவர் முரண்டு பிடித்தார். உள்ளே எண்ணிப் பார்த்தால் நீலக் குஞ்சு இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். இவர்தான் விடியலில் வந்து கதவைத் திறக்கிறார், வெளியே வந்த குஞ்சு பறந்து போய்விடுகிறது, காக்கையோ பூனையோ மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அப்பாவிடம் கோபப்பட முடியாதே என்று எனக்கு அழுகையாக வந்தது. பிறகு கோபமும் பட்டேன். குழந்தையைத் திட்டுவது போலத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அன்று என் கணவர் கூண்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். அப்பாவின் அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாளும் வைத்தார். நான்தான் கேட்டேன். "ராத்திரிக்கு மட்டுமுங்க. காலையில நான் பின்பக்க வேலையை முடிக்கற வரைக்கும்" என்றேன். அவர் திருகாணிகளை முடுக்கினார்.

பார்த்துக்கொள்ள வந்த அக்கா அந்த வாரத்தோடு நின்றுவிட்டார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றார். படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "ஐயா என்னையக் கைகாட்டி ஒண்ணும் சொல்லிறக் கூடாதுன்னுதான் அம்மணி" என்றார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் கல்லூரிக்கு லீவு போட்டேன்.

நாலாவது குஞ்சு வெளியே வந்தது. அடுத்த நாள் காலை நான் நேரங்கழித்து எழுந்து, அப்பாவின் அறைத் தாழ்ப்பாள் போட்டபடி இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பின்கதவைத் திறந்தேன். கூண்டின் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் தாலிக்கொடியில் கோத்திருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பறவைகள் மூலையில் ஒட்டி உட்கார்ந்து சத்தமில்லாமல் என்னைப் பார்த்தன. நாலாவது குஞ்சு இல்லை.

அந்த வெயிலில், பூட்டைக் கையில் பிடித்தபடி நான் நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. காலி மனையில் செடிகள் அசையாமல் நின்றன. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பா கதவைத் தட்டத் தொடங்கினார். அவசரமாகத் தட்டவில்லை. ஓர் இயந்திரத்தின் தாளத்தோடு, ஒரே வேகத்தில் தட்டினார்.

"மெசினை நிறுத்துங்க" என்றார். "கை போயிரும். யாராச்சும் மெசினை நிறுத்துங்க."

கதவைத் திறந்துவிட்டேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை எண்ணினார். பத்து என்று ஆனதும் விட்டுவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக என் அப்பாவைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அவர் சொன்ன பிறகுதான் நடக்கிறதா, நடப்பது அவருக்கு முன்பே தெரிகிறதா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். லேபில் அமிலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் நான். அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாவது குஞ்சு மட்டும் பானையில் மிஞ்சியது. வெளிர் மஞ்சள், தலையில் சாம்பல் கோடுகள். அதற்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. இறகெல்லாம் முழுசாக வளர்ந்து, பானைக்குள் இடமில்லாமல் மடங்கிக் கிடந்தது. இருந்தும் அது வெளியே வரவில்லை. வாயில் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாய் வெளியே நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து கூரான மூக்கு மட்டும் வரும், இரையை வாங்கிக்கொண்டு மறையும். என் கணவர், "பயந்த குஞ்சு" என்றார். எதைக் கண்டு பயம் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் ஒரு வேலையாக வெள்ளகோவிலுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த ஒரு குஞ்சையாவது எடுத்து, வீட்டுக்குள் சின்னக் கூண்டில் வைத்துவிட வேண்டும். அப்பா நாற்காலியில் கண்ணை மூடி இருந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனேன். பறவைகள் மேலே ஒரு மூலையில் நெருங்கிக்கொண்டன. ஒன்றும் கத்தவில்லை. நாலாவது பானையை நோக்கிக் கையை நீட்டினேன்.

பின்னாலிருந்து என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

அப்பா எப்போது எழுந்தார், எப்படிச் சத்தமில்லாமல் உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. எண்பதைத் தொடப்போகிறவர். தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் ஆடுகிற கை அது. ஆனால் என் மணிக்கட்டை அது இரும்பாகப் பிடித்திருந்தது.

"கைய உள்ள உடாத கண்ணு. பெல்ட்டு ஓடுது."

"விடுங்கப்பா, வலிக்குது!"

"உடமாட்டேன். போன தடவ உட்டுட்டேன். மில்லுல அந்தப் பையனுக்கு முழங்கை வரைக்கும் போயிருச்சு."

நான் திமிறினேன். சத்தம் போட்டேன். அவர் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. ஆனால் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. அந்தப் பார்வை போன பக்கம் நானும் திரும்பினேன்.

ஐந்தாவது பானையின் வாயில், நான் திணித்த நாரை மெல்ல ஒதுக்கிக்கொண்டு, ஒரு தலை வெளியே வந்துகொண்டிருந்தது. என் விரல்களுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம் இருந்திருக்கும். பழுப்பு நிறம். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. பிறகு உடம்பு, அவசரமே இல்லாமல், பானையிலிருந்து நாலாவது பானையின் கழுத்துக்கு நீண்டது. நீண்டுகொண்டே இருந்தது. இரண்டு பானைகளுக்கும் நடுவே, வளைந்து, வழவழப்பாக, ஓடிக்கொண்டிருந்தது.

அது பெல்ட்டேதான். என் அப்பா மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோரையும்விடச் சரியான சொல். பாம்பு என்கிற சொல் மட்டும் அவரிடம் இல்லாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. அவர்தான் என்னை வெளியே இழுத்தார் என்று நினைக்கிறேன். கையில் கிடைத்த மூங்கில் குச்சியால் நான் நாலாவது பானையைத் தட்டித் தட்டி அதைப் பின்வாங்கவைத்தேன். எதிர்வீட்டில் சத்தம் கேட்டு வந்தவர்கள் பாம்பு பிடிக்கிறவருக்கு போன் செய்தார்கள். அரை மணி நேரத்தில் பைக்கில் ஒரு கொக்கியும் துணிப்பையுமாக அவர் வந்து இறங்கினார்.

"பயப்படாதீங்கக்கா. சாரைதானுங்க, வெசமில்ல" என்றார். ஐந்தாவது பானையை அப்படியே கழற்றிப் பைக்குள் கவிழ்த்தார். விழுந்தது என் கையின் நீளத்தைவிட அதிகம் இருந்தது. உடம்பின் நடுவில் உருண்டையாக ஓர் இடம் வீங்கியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்தத் தண்ணி போற ஓட்டையிலதானுங்க வந்திருக்கும்" என்றார் அவர். "வரும்போது ஒல்லி. ஒண்ணு முழுங்குனதும் வந்த வழியில திரும்ப முடியல. அப்புறம் எதுக்குப் போகோணும்? ஊடு இருக்குது, சோறு இருக்குது. இங்கயே இருந்துபோட்டுது."

"எத்தனை நாளா இருக்குமுங்க?"

"மூணு வாரமாச்சும் இருக்குமுங்க."

அவர் அதை மருதமலை அடிவாரத்துப் பக்கம் விட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார். நான் பின்படியில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பானையைக் கழற்றி, மடியில் வைத்து, அதன் மேல் நாரைத் திணித்த கைகள். மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கனம் இன்னும் உள்ளங்கையில் இருப்பது போலிருந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

அப்பா உள்ளே டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"தப்புப் பண்ணிட்டனுங்கப்பா. நீங்க சொன்னதை நான் கேக்கல. உங்களை உள்ள வெச்சுப் பூட்டுனேன்."

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "எப்ப கண்ணு?" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் போய்விட்டிருந்தது, அவர் என் உயிரைப் பிடித்து இழுத்ததும், நான் அவரைப் பூட்டியதும். அவருக்கு அது நல்லது என்று என் கணவர் சாயங்காலம் வந்து சொன்னார். இருக்கலாம். எனக்கு அன்று அது நல்லதாகப் படவில்லை. மன்னிக்க வேண்டியவரிடம் என் தப்பு இல்லாமல் போய்விட்டது. அதை நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஓட்டைக்குச் சிமெண்டு வைத்துச் சல்லடை பதித்தோம். தாழ்ப்பாளைக் கழற்றினோம். மறுநாள் காலை கூண்டின் சத்தத்தில் குக்கர் விசில் கேட்கவில்லை.

கடைசிக் குஞ்சு அதன் பிறகும் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வெயில் இறங்கும் நேரம், நான் தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். குஞ்சு பானை வாயில் வந்து நின்றது. ஒரு காலை வெளியே வைத்தது, எடுத்துக்கொண்டது. பிறகு ஒரேயடியாகக் குதித்து, கூண்டுக்குள் அரை வட்டம் அடித்து, அப்பாவின் முகத்துக்கு நேராக வலையைப் பிடித்துத் தொங்கியது. மற்ற நாலும் விழுந்துதான் பழகின. இது முதல் தடவையே பறந்தது, பானைக்குள்ளேயே வயது வந்துவிட்டதால் இருக்கும்.

அப்பா குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அம்மாவை நினைத்துக் கூப்பிடுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

"இது யாரூட்டுக் குஞ்சுங்க?"

"நம்மூட்டுதுதானுங்கப்பா."

"அப்படீங்களா." பிறகு, வீட்டுக்கு வந்த புது விருந்தாளியிடம் கேட்கிற மரியாதையோடு என்னிடம் கேட்டார்: "நீங்க யாரூட்டுப் புள்ளைங்க?"

பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்றும் அம்மணி என்றும் மட்டுமே கூப்பிட்டவர். கையில் சட்டியோடு, தண்ணீர் முழங்கையில் வழிய, நான் நின்றேன்.

"நானும் இந்த ஊடுதானுங்க" என்றேன்.

"சந்தோசமுங்க. உக்காருங்க" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். தகப்பன் பறவை வந்து வலையில் தொங்கியபடியே குஞ்சுக்கு ஊட்டியது. நாங்கள் இருவரும் வெளிச்சம் போகிறவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.